எந்தப் பக்கம்

நாற்பதைத் தாண்டினால் உறுமத் தொடங்கும்.
அறுபதில், திரிகைக்குள் யாரோ
உளுந்து உடைக்கிற சத்தம்.
எண்பதில் எப்படியென்று தெரியாது.
எங்கள் பழைய சன்னி எண்பதைக் கண்டு கனகாலம்.

“பின் சில்லுப் பெயரிங்” என்றார்
கரடிப்போக்குக் கடைக்காரர், காரைப் பார்க்காமலே.
“எந்தப் பக்கம்?”

என் இடக்காது ஒரு மாசி மாதத்தோடு போனது.
எந்த ஆண்டென்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை.
அதற்குப் பிறகு காகம், கோயில் மணி,
சீட்டுக்காரனின் மோட்டார் சைக்கிள்
எல்லாமே எனக்கு வலப்பக்கத்தில் இருந்துதான் வரும்.

யசோதினியைப் பின் சீற்றில் ஏற்றி
பரந்தன் வீதியில் விசுவமடு மட்டும் போய்த் திரும்பினேன்.
சீற்றில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள்.
“வலம்.”
“எனக்கும் வலம்தான் கேக்குது.”
“பிறகென்ன?”

பிறகுதான் சிக்கல்.
பதினைந்து வருசமாக
கேட்கிற வலத்தைக் கழித்துத்தான் நான் வீதியைக் கடக்கிறேன்.
அன்றும் கழித்தேன்.
அவள் சொன்னதையும் சேர்த்துக் கழித்தேன்.
இடம் என்று விடை வந்தது.
ஒரு செற் வாங்கினேன். இரண்டுக்குக் காசில்லை.

ஞாயிறு காலை, வட்டக்கச்சி.
வேப்பமரத்துக்குக் கீழே மண் இளகிக் கிடந்தது,
ஜக் காரைத் தூக்காமல் தானே கீழே போனது.
முதிரைப் பலகை ஒன்றைக் கொடுத்தேன், நின்றது.
மூடியை நெம்பி, வளைந்த பின்னை நிமிர்த்தி,
நட்டைக் கழற்றி, டிரம்மைத் தட்டித் தட்டி
இழுத்தபோது
மடியில் வந்து விழுந்தது, கறுத்த கிறீஸ் வாசத்தோடு.

வளையங்களைப் பித்தளைக் கம்பியால் அடித்து இறக்கினேன்,
இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு.
புது வளையங்கள் முதல்நாள் இரவே
பிரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில், பாரை மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில்.
குளிரில் மயிரளவு சுருங்கும், அழுங்காமல் இறங்கும்.
மீன் எடுக்கப் போன யசோதினி
“இதையும் குழம்பில போடவோ?” என்று கேட்டாள்.

உள்ளங்கையில் கிறீஸ் எடுத்து
உருளைக்கு உருளை ஊட்டினேன்.
நட்டை இறுக்கி, சில்லைச் சுற்றி,
இன்னும் இறுக்கி,
பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுத்து, புதுப் பின்னை வளைத்தேன்.
மத்தியானம் ஆகிவிட்டது.

விசுவமடுவுக்குப் போகத் தேவைப்படவில்லை.
வட்டக்கச்சிச் சந்தியிலேயே உளுந்து உடைந்தது.

வந்து இறங்கி, கழற்றிய பழையதை
மண்ணெண்ணெயில் அலசினேன்.
விரலில் மாட்டிச் சுழற்றினேன்.
தேங்காய் எண்ணெய்க்குள் சுழல்வதுபோல் சுழன்றது.
ஒரு பொட்டுக் கீறல் இல்லை அதில்.

யசோதினி ஒன்றும் சொல்லவில்லை.
பலகையைத் தானே வலப்பக்கம் இழுத்துப் போட்டு
ஜக்கை ஏற்றினாள்.
பக்கத்து வளவு டிலக்சனைக் கூப்பிட்டு
சில்லைச் சுத்தச் சொன்னாள்.
என் கையைப் பிடித்து
சில்லுக்குப் பின்னால் இருக்கிற சுருளில் வைத்தாள்.

நடுக்கம்.
மணலில் இழுபடும் தகரத்தைப்போல
விரலில் ஏறி, முழங்கை வரை வந்தது.
இதற்குக் காது தேவையே இல்லை.
இதை நேற்று ஏன் சொல்லவில்லை என்றேன்.
“நேற்றுச் சொன்னனான் தானே. வலம் எண்டு.”

மீண்டும் மூடி, மீண்டும் பின், மீண்டும் டிரம்.
வலத்தில் இருந்து வந்த உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன,
ஒன்று பல் விழுந்த மாதிரிப் பொரிந்திருந்தது.
இடத்தின் நல்ல பழையதை, அதன் வளையங்களோடு
வலத்துக்கு ஏற்றினேன்.
சீல் மட்டும் கிழிந்துபோனது.
திங்கள் கடை திறக்கும்வரை
கார் மூன்று காலில் நின்றது, டிரம்முக்குச் சாக்கு கட்டி.

செவ்வாய் பின்னேரம் அறுபதில் போனோம்.
உளுந்து இல்லை.
அதற்கு அடியில் இத்தனை நாள் மறைந்திருந்த
வேறு ஏதோ ஒன்று, டிக், டிக், டிக்.
எனக்கு அது வலத்தில்.
யசோதினி யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தபடி
“இடம்” என்றாள்.
நான் கழிக்கவில்லை.